பின்னந்தலைக் கையிருப்பும் முடி நடவும்: எந்த முறை யாருக்குப் பொருந்தும்?

கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் என்று எந்த ஊர் விளம்பரத்தைப் பார்த்தாலும் முடி நடவுக்கு ஆறேழு பெயர்கள் இருக்கும். எஃப்.யூ.டி., எஃப்.யூ.இ., டி.எச்.ஐ., சஃபையர், ரோபோ, பயோ எஃப்.யூ.இ. என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. ஆனால் இவை ஆறு தனித்தனிச் சிகிச்சைகள் அல்ல. பின்னந்தலையிலிருந்து முடியை எடுக்க இரண்டே வழிகள்தான். தோலைப் பட்டையாக வெட்டி எடுத்துத் தைத்துவிடுவது எஃப்.யூ.டி. ஒவ்வொரு வேர்க்கொத்தாகத் துளையிட்டு எடுப்பது எஃப்.யூ.இ. எடுத்ததை முன்னால் வைக்கவும் இரண்டு வழிகள். முதலில் கீறல் போட்டுவிட்டு இடுக்கியால் ஒவ்வொன்றாகச் செருகலாம். அல்லது பேனா போன்ற ஊசிக்குழலால் குத்தும்போதே வைத்துவிடலாம். டி.எச்.ஐ. என்று விற்கப்படுவது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான். சஃபையர் என்பது கீறும் கத்தியின் நுனி மட்டும். ரோபோ முக்கியமாகத் துளையிடும் வேலைக்கு உதவுகிறது. பயோ என்றால் பி.ஆர்.பி. ஊசி, அதாவது சொந்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தட்டணுத் திரவ ஊசி, சேர்த்தது என்று பொருள்.

ஆகவே முதல் கேள்வி 'எந்தப் பெயர்?' என்பதல்ல. பின்னந்தலையில் எவ்வளவு இருக்கிறது, அதில் எவ்வளவை இப்போது எடுக்கலாம், எடுத்த தடம் எப்படித் தெரியும் என்பவைதான் கேட்க வேண்டியவை.

ஆண்களின் வழுக்கையில் முன்னும் உச்சியும் கொட்டுவது டி.எச்.டி. என்ற ஹார்மோனுக்கு அங்குள்ள வேர்கள் பணிவதால். பின்னந்தலையிலும் காதுக்கு மேலேயும் உள்ள வேர்களுக்கு அந்தப் பாதிப்பு மிகக் குறைவு. அவற்றை இடம் மாற்றினாலும் அந்தக் குணம் கூடவே வரும். இதை 1950களில் நியூயார்க்கின் நார்மன் ஓரன்ட்ரைக் செய்துகாட்டினார். இன்றைய முடி நடவு முழுதும் அதன்மேல்தான் நிற்கிறது. நடவில் புது முடி எதுவும் உண்டாவதில்லை. இருப்பது இடம் மாறுகிறது, அவ்வளவே. எடுத்த இடத்தில் மறுபடி முளைக்காது. கிணற்றில் ஒரு ஏக்கருக்குத்தான் தண்ணீர் என்றால் நான்கு ஏக்கருக்கு நடவு போட மாட்டோம் அல்லவா, அந்தக் கணக்குத்தான் இங்கேயும்.

அந்தக் கணக்கை நீங்களே ஓரளவு போட்டுப் பார்க்கலாம். முடி ஒன்றிரண்டு மூன்று நான்காகக் கொத்துக் கொத்தாக முளைக்கிறது. ஒரு கொத்துதான் ஒரு கிராஃப்ட். நம் ஆட்களின் பின்னந்தலையில் ஒரு சதுர சென்டிமீட்டரில் ஏறக்குறைய 65 முதல் 85 கொத்துகள் இருக்கும். வாழ்நாள் முழுதும் தலையிலிருந்து பாதுகாப்பாக எடுக்கக்கூடியது பெரும்பாலானவர்களுக்கு 5000, 6000 கிராஃப்டுகளுக்குள் அடங்கிவிடும். வழுக்கை இடத்தின் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து, ஓரத்தை மார்க்கரால் வரைந்து, அதைக் கட்டம் போட்ட தாளில் வைத்து எண்ணினால் பரப்பு கிடைக்கும். 80 சதுர சென்டிமீட்டர் வந்தால், சதுர சென்டிமீட்டருக்கு 35 வீதம் 2800 கிராஃப்டுகள் தேவை. இயல்பான அடர்த்தியில் பாதி வந்தாலே கண்ணுக்கு நிறைவாகத் தெரியும் என்பதால் 35, 40 போதும். வழுக்கையின் அளவைச் சொல்லும் நார்வுட் வரிசையில் முன்பக்கம், உச்சி இரண்டும் போன 6ஆம் நிலையில் பரப்பு 150, 200 சதுர சென்டிமீட்டருக்கும் போகும். அங்கே 35 வீதம் முழுதும் நிரப்பக் கையிருப்பு போதாது. முன்வரிசையையும் நடுவையும் நன்றாக முடித்து உச்சியை மெலிதாக விடுவதுதான் அங்கே நல்ல திட்டம். 'ஒரே தடவையில் முழுத்தலையும்' என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

பட்டையா, துளையா?

எஃப்.யூ.டி.யில் பின்னந்தலையின் நடுப்பகுதியிலிருந்து 20 முதல் 30 சென்டிமீட்டர் நீளத்தில், ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பட்டை எடுக்கிறார்கள். 25க்கு 1.2 என்றால் 30 சதுர சென்டிமீட்டர். 75 கொத்து வீதம் 2250 கிராஃப்டுகள். பட்டையை நுண்ணோக்கியின் கீழ் வைத்துக் கொத்துக் கொத்தாகப் பிரிக்கிறார்கள். கண்ணால் பார்த்துப் பிரிப்பதால் வேர் அறுபடுவது குறைவு. வேரைச் சுற்றிக் கொஞ்சம் கொழுப்பும் ஒட்டிவரும், அது வேரைக் காயவிடாது. எடுப்பது முழுதும் வாழ்நாளில் கொட்டாத நடுப்பட்டையிலிருந்தே. சுற்றியுள்ள முடியை மழிக்க வேண்டியதில்லை. மேல் முடியை இறக்கிச் சீவினால் மறுநாளே தையல் தெரியாது.

விலை என்னவென்றால், ஒரு கோட்டுத் தழும்பு. நன்றாகத் தைத்தால் இரண்டு மூன்று மில்லிமீட்டர். தோல் இறுக்கமானவர்களுக்கும் அளவுக்கு மீறி அகலமாக வெட்டியவர்களுக்கும் அது விரிந்துபோகும். வெட்டிய தோலின் கீழ் ஓரத்தை மெலிதாகச் செதுக்கிவிட்டுத் தைத்தால் முடி தழும்பின் ஊடாகவே வளர்ந்து மறைக்கும். இந்தத் தையல் தெரிந்தவரா என்று கேட்டுக்கொள்வது நல்லது. தையல் பிரிக்கப் பத்து முதல் பதினான்கு நாள். பின்னந்தலை சில வாரங்களுக்கு இழுத்துப் பிடிக்கும், மரத்திருக்கும். பஞ்சுப் பொதி தூக்குபவர், தேங்காய் மூட்டை ஏற்றுபவர், உடற்பயிற்சிக் கூடத்தில் எடை தூக்குபவர் எல்லோரும் நான்கு முதல் ஆறு வாரம் பொறுக்க வேண்டும். கழுத்துத் தசை இழுத்தால் தழும்பு விரியும் என்பதே காரணம். உடம்பில் வேறெங்காவது காயம் தடித்த தழும்பாக எழும்பிய வரலாறு இருந்தால் எஃப்.யூ.டி. வேண்டாம்.

எஃப்.யூ.இ.யில் 0.8 முதல் 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டக் கத்தி. ஒவ்வொரு கொத்தையும் சுற்றித் துளையிட்டு, இடுக்கியால் மெல்ல இழுக்கிறார்கள். தையல் இல்லை, வலி குறைவு, ஒரு வாரத்தில் துளைகள் மூடிவிடும். வேலைக்குச் சீக்கிரம் திரும்பலாம். ஆனால் தோலுக்கு அடியில் வேர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது வெளியே தெரியாது. கோணம் பிசகினால் கத்தி வேரை அறுக்கும். தேர்ந்த கையில் நூற்றுக்கு ஐந்துக்குள் நிற்கும் இந்தச் சேதம், அவசரக் கையில் பல மடங்காகும். அறுபட்ட வேர் முன்னாலும் பின்னாலும் பெரும்பாலும் சரியாக முளைக்காது. தோலுக்குள்ளேயே சுருண்டு வளரும் முடி உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல்.

பரப்பிலும் வித்தியாசம் உண்டு, இதை யாரும் விளக்குவதில்லை. துளையிட்டு எடுக்கும்போது நான்கில் ஒரு கொத்துக்கு மேல் எடுத்தால் பின்னந்தலை மெலிந்தது தெரிய ஆரம்பிக்கும். 75இல் கால் பங்கு சுமார் 19. அதே 2250 கிராஃப்டுகளுக்கு இப்போது 120 சதுர சென்டிமீட்டர் வேண்டும். அதாவது பின்னந்தலை முழுதும் மழித்து, காதுக்கு மேல் வரை போக வேண்டும். அதற்கும் மேல் எண்ணிக்கை வேண்டுமென்றால் கழுத்து ஓரத்துக்கும் மேல் விளிம்புக்கும் கை போகும். அங்குள்ள முடி வயதானால் கொட்டக்கூடியது. நட்ட பிறகு முன்னாலிருந்தும் கொட்டும். 'எத்தனை கிராஃப்ட் வேண்டுமானாலும் ஒரே விலை' என்ற சலுகையில் கெடுதல் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. பூச்சி அரித்த மாதிரி பின்னந்தலை ஆகிவிட்டால் அதைத் திருத்த வழி குறைவு.

இனி பழனி மொட்டைக்கு வருவோம். கொங்கு நாட்டில் இது விளிம்புக் கேள்வி அல்ல. பழனிக்கோ குலதெய்வத்துக்கோ மொட்டை போடும் வழக்கமுள்ள வீட்டில் எஃப்.யூ.டி. செய்தவர் மொட்டை அடித்தால் காதிலிருந்து காது வரை கோடு தெரியும். எஃப்.யூ.இ.க்குத் தழும்பே இல்லை என்று சொல்வதும் சரியல்ல. நம் மாநிறத் தோலில் துளைகள் ஆறிய இடம் வெளிர்ப் புள்ளிகளாக நிற்கும். கத்தியால் மழித்த தலையில், வெயிலில், பக்கத்தில் இருந்து பார்த்தால் தெரியும். ஜீரோ கட்டுக்குச் சற்று மேல் வைத்தால் மறையும். வழக்கமாக மொட்டை போடுபவருக்கும் மிகக் குட்டையாக வெட்டுபவருக்கும் எஃப்.யூ.இ.தான் எங்கள் பரிந்துரை. எப்போதும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் முடி வைப்பவருக்கும், இளவயதிலேயே பெரிய வழுக்கைக்குப் போகும் குடும்பத்தில் பிறந்தவருக்கும், முதலில் எஃப்.யூ.டி. செய்து துளையை இரண்டாம் தடவைக்கு வைத்துக்கொள்வது கையிருப்பை நீட்டிக்கும். எஃப்.யூ.டி.க்கு மவுசு போய்விட்டது உண்மை. மவுசு போனதற்கு விளம்பரமும் காரணம்.

நேர்த்திக்கடன் பாக்கி இருந்தால் அறுவைக்கு முன்பே முடித்துவிடுங்கள். மொட்டைக்குப் பின் ஓரிரு மில்லிமீட்டர் வளர்ந்த நிலை எஃப்.யூ.இ.க்கு வசதியானது, பின்னந்தலை அடர்த்தியும் அப்போது தெளிவாகத் தெரியும். எஃப்.யூ.டி. என்றால் தையலை மறைக்க முடி வளர வேண்டும், மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கணக்கில் இரண்டு மூன்று மாதம் பொறுங்கள். நடவுக்குப் பின் மொட்டை அடிப்பதால் வேர் போகாது, மழிப்பது தோலுக்கு மேலேதான். ஆனாலும் முதல் வருடம் கழியட்டும்.

வைக்கும் முறை

கீறல், பேனா இரண்டில் எது வைத்தவர் கைக்குப் பழக்கமோ அதில்தான் முடி நன்றாக முளைக்கிறது. பேனாவில் வேரை இடுக்கி பிடிப்பது குறைவு. இருக்கும் முடிகளுக்கு இடையே வைக்க வசதி. நேரம் அதிகம், ஆள் அதிகம், விலையும் அதிகம். முழு வழுக்கையில் 2500 வைக்க அதற்காகக் கூடுதல் பணம் தரத் தேவையில்லை என்பது எங்கள் எண்ணம். பார்க்க வேண்டியவை வேறு. முன்வரிசையில் ஒற்றை முடிக் கொத்துகள் மட்டும் வைக்கிறார்களா? வரிசை நேர்கோடாக இல்லாமல் கொஞ்சம் ஒழுங்கற்று இருக்கிறதா? கோணம் முன்னோக்கிப் படிந்திருக்கிறதா? நெற்றிக்கோடு புருவ மத்தியிலிருந்து ஏழு முதல் ஒன்பது சென்டிமீட்டர் மேலே இருக்கட்டும். பத்தொன்பது வயதில் இருந்த கோட்டைக் கேட்டால் நாற்பத்தைந்து வயதில் பின்னால் வழுக்கை ஓடி, முன்னால் ஒரு தீவு நிற்கும். அதற்காகத்தான் 25 வயதுக்குள் வருபவரை நல்ல மருத்துவர் மருந்து கொடுத்துத் திருப்பி அனுப்புகிறார்.

எடுத்த கிராஃப்ட் காய்ந்தால் செத்தது. குளிர்ந்த உப்புக் கரைசலில் வைத்து, கூடியவரை ஆறு மணி நேரத்துக்குள் நட்டுவிட வேண்டும். 3000க்கு மேல் என்றால் இரண்டு நாளாகப் பிரிப்பதே நல்லது.

தாடி முடியைச் சேர்ப்பதும் எஃப்.யூ.இ.யில்தான் நடக்கும். தாடையின் அடிப்பக்கத்திலிருந்து எடுக்கலாம். தலைமுடியைவிடத் தடிமன், அதனால் நடுத்தலையில் தலைமுடியோடு கலந்து வைத்தால் நிரப்பிக் காட்டும். முன்வரிசையில் வைத்தால் துருத்தும். நெஞ்சு முடி கடைசி வழி. நீளமாக வளராது, முளைப்பதும் குறைவு. அடுத்தவர் முடியை வாங்கி நட முடியாது, உடம்பு ஒதுக்கிவிடும். செயற்கை இழை நடுவதை அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 1983லேயே தடை செய்தது. தொற்றும் சீழும்தான் காரணம்.

தீக்காயத் தழும்பும் இயந்திரத்தில் சிக்கிய தலையும்

தறி, நூற்பாலை, கயிற்றுத் தொழிற்சாலை நிறைந்த வட்டாரம் இது. சடையோ முந்தானையோ பெல்ட்டில் சிக்கி தலைத்தோலே பிய்ந்துவரும் விபத்து பெண் தொழிலாளர்களுக்கு நேர்கிறது. அப்போது செய்ய வேண்டியது ஒன்று. பிய்ந்த தோலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டி போட்ட தண்ணீரில் வைத்து, நோயாளியோடு நுண் அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோவது. பனிக்கட்டி தோலில் நேராகப் படக் கூடாது. ரத்தக் குழாயை இணைத்து அதே தோலைத் திரும்பப் பொருத்த முடிந்தால் முடியும் திரும்பும். எந்த நடவும் அதற்கு ஈடாகாது. கோவையில் இதற்கான தேர்ச்சி இருக்கிறது; தாமதம்தான் எதிரி.

பழைய பெரிய தழும்புக்கு வேறு வழி. பக்கத்து முடியுள்ள தோலுக்கு அடியில் ஒரு பலூனை வைத்து, வாரந்தோறும் உப்புநீர் ஏற்றி, இரண்டு மூன்று மாதத்தில் தோலை விரித்து, தழும்பை வெட்டியெடுத்து மூடுவார்கள். சாதாரண வழுக்கைக்கு ஒரு காலத்தில் இப்படித் தோலை வெட்டிச் சுருக்கினார்கள். தோல் மறுபடி விரிந்துவிட்டதால் அது கைவிடப்பட்டது. சிறு தழும்பில் நேராகவே நடலாம். ஆனால் ரத்த ஓட்டம் குறைவு. முதலில் ஐம்பது, நூறு நட்டு முளைக்கிறதா என்று பார்த்துவிட்டு, அடர்த்தியைக் குறைத்து நட வேண்டும்.

யாருக்கு எதுவுமே வேண்டாம்

வட்ட வட்டமாகக் கொட்டும் அலோபீசியா ஏரியேட்டாவுக்கும், தோல் வழுவழுப்பாகித் தழும்பாகும் நோய் செயலில் இருக்கும்போதும் நடக் கூடாது. நட்டதையும் நோய் தின்றுவிடும். டெங்குவுக்கோ பிரசவத்துக்கோ பிறகு மூன்று மாதத்தில் கொத்தாகக் கொட்டுவது தானே நிற்கும். பெண்களுக்குப் பெரும்பாலும் பின்னந்தலையும் சேர்ந்தே மெலிவதால் எடுக்கும் இடமே பலவீனம். முதலில் ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச்சத்துக் கையிருப்பு), தைராய்டு பரிசோதனை செய்து காரணத்தைப் பார்க்க வேண்டும். பின்னந்தலை உறுதியாக இருக்கும் பெண்களுக்கு எஃப்.யூ.டி.யே நல்லது, நீளமுடி மழிக்காமல் தப்பும்.

ஆண்களில் இன்னும் கொட்டிக்கொண்டிருப்பவர் மருந்தில்லாமல் நடவுக்குப் போனால், நட்டது நிற்கும், சுற்றி இருந்தது போகும். தினம் ஒரு மில்லிகிராம் ஃபினாஸ்டெரைடு மாத்திரையும் தலையில் தடவும் 5 சதவீத மினாக்சிடிலும் இருப்பதைக் காக்கத்தான். ஃபினாஸ்டெரைடால் சிலருக்கு ஆசைக் குறைவு போன்ற பாலியல் பக்கவிளைவு வரும். மருத்துவரிடம் கூச்சமில்லாமல் பேசுங்கள். கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடக் கூடாது. மருந்து வேண்டவே வேண்டாம் என்பவர் குறைவாக, பின்வாங்கிய கோட்டோடு நட்டுக்கொள்வது பாதுகாப்பு. பி.ஆர்.பி. எதற்கும் மாற்று ஆகாது.

கத்தி யார் கையில்?

2016இல் சென்னையில் முடி நடவு செய்துகொண்ட ஒரு மருத்துவ மாணவரே அதன்பின் உயிரிழந்தார். சின்ன வேலை என்று எண்ணும் இடத்தில்தான் ஆபத்து. தலை மரக்கக் கொடுக்கும் லிக்னோகெய்னுக்கு, அட்ரினலினோடு, கிலோவுக்கு 7 மில்லிகிராம் எல்லை. 70 கிலோ ஆளுக்கு 490 மில்லிகிராம். 2 சதவீத மருந்து 30 மில்லி குப்பி ஒன்றில் 600 மில்லிகிராம் இருக்கிறது. ஒரு குப்பியை முழுதாக ஏற்றினாலே எல்லை தாண்டியாயிற்று. மீறினால் உதடு மரப்பு, காதிரைச்சல், பிறகு வலிப்பு, இதயம் நிற்பது. ஆகவே எடை பார்த்துக் கணக்குப் போடுபவர், நாடியும் ஆக்சிஜனும் காட்டும் மானிட்டர், ஆக்சிஜன் சிலிண்டர், அவசர மருந்து, சிகிச்சை முடியும் வரை அங்கேயே இருக்கும் மருத்துவர், இவை இல்லாத அறைக்குள் போகாதீர்கள். தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் சொன்னது இதுதான்: அறுவைப் பயிற்சி பெற்ற பதிவு மருத்துவர்தான் முடி நடவு செய்யலாம். உதவியாளர் கிராஃப்ட் பிரிக்கலாம், எடுத்துக் கொடுக்கலாம். "மரக்க ஊசி போடறதும் துளை போடறதும் நீங்களேதானுங்களா, வேற ஆளுங்களா?" என்று நேராகக் கேளுங்கள். தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டப் பதிவுச் சான்றிதழ் சுவரில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தம் இளக்கும் மாத்திரை எதையும் மறைக்காதீர்கள். ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பின்

முதல் சில இரவுகள் தலையை உயர்த்திப் படுக்க வேண்டும். இரண்டு முதல் நான்காம் நாளில் நெற்றி வீங்கி இமைக்கு இறங்கும், பயப்பட வேண்டாம். மூன்றாம் நாள் முதல் குவளையால் மெல்ல ஊற்றிக் கழுவலாம். நம் பக்கம் ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீர் வேரைக் கொல்லாது. ஆனால் ஷாம்பு நுரைக்காது, நுரைக்காவிட்டால் கை தேய்க்கப் பார்க்கும். தேய்ப்புத்தான் கிராஃப்டைப் பிடுங்கும். முதல் பத்து நாளுக்குக் குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது, பத்து நாளில் வேர் பிடித்துவிடும். அதன்பின் பொருக்கை ஊறவைத்து உதிர்க்கலாம். ஹெல்மெட் இரண்டு வாரத்துக்கு இல்லை, அதனால் பைக்கும் இல்லை. சாயப்பட்டறை ஆவியிலும் பஞ்சுத் தூசியிலும் வேலை என்றால் அதுவரை விடுப்பு. சித்திரை வெயிலைவிட மார்கழி, தை வசதி.

இரண்டு முதல் ஆறு வாரத்தில் நட்ட முடி கொட்டும். வேர் உள்ளே இருக்கிறது. மூன்று நான்கு மாதத்தில் முளை, ஆறில் ஏறக்குறைய பாதி, பன்னிரண்டில் முழுத் தோற்றம். உச்சிக்குப் பதினெட்டு மாதம் கூட ஆகும். கல்யாணத்துக்காக என்றால் முகூர்த்தத்துக்கு ஒரு வருடம் முன்பே செய்ய வேண்டும். நிச்சயதார்த்தம் முடிந்து ஓடினால் கல்யாணப் போட்டோவில் கொட்டிய நிலைதான் வரும்.

விலை பேசும்போது கிராஃப்ட் கணக்கா, முடிக் கணக்கா என்று கேளுங்கள். '4000 முடி' என்பது ஏறக்குறைய 2000 கிராஃப்டுகள்தான். அழகுக்கான முடி நடவுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, விபத்து, தீக்காயத்துக்குப் பின் சீரமைக்கச் செய்வதற்கு விலக்கு இருக்கிறது, பில்லில் அதைக் காரணமாக எழுதச் சொல்லுங்கள்.

பணம் கட்டி வெளியே வரும்போது பில்லோடு அறுவைக் குறிப்பையும் எழுத்தில் வாங்குங்கள். ஒற்றை, இரட்டை, மூன்று முடிக் கொத்துகள் தனித்தனியாக எத்தனை, பின்னந்தலையில் எந்தெந்தப் பகுதியிலிருந்து எவ்வளவு எடுத்தது, துளை எத்தனை மில்லிமீட்டர், எத்தனை வேர் அறுபட்டது, மரப்பு மருந்து எவ்வளவு ஏற்றியது என்பவை அதில் இருக்க வேண்டும். பத்து வருடம் கழித்து இரண்டாம் தடவை போகும்போது, வேறு ஊரில் வேறு மருத்துவர் மிச்சமிருப்பதைக் கணக்கிட அந்தத் தாள்தான் வேண்டும்.